எட்டாவது பத்தி

அவருடைய உண்மைப் பேரைச் சொல்லிக் கேட்டால் டெப்போவில் பாதிப் பேருக்குத் தெரியாது. "ஹாரன் அக்கா" என்றால்தான் தெரியும். இருபத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டியவர் ஹாரனைத் தொட்டதே இல்லை என்பதால் வைத்த பட்டப்பேர் அது. முன்னால் ஒரு லாரி நடுரோட்டில் நின்றுகொண்டு அழிச்சாட்டியம் பண்ணினாலும் ஸ்டீயரிங்கில் விரலால் தாளம் போட்டபடி காத்திருப்பார். "அவனுக்கும் வீடு வாசல்னு போகணும்ல" என்பார். குள்ளமான உடம்பு. சீட்டில் தலையணை மாதிரி ஒரு பஞ்சு மெத்தையைப் போட்டு அதன்மேல்தான் உட்காருவார். பதினேழாம் நம்பர் வழித்தடம் அவருடையது. யாராவது பஸ்ஸைப் பிடிக்க மூச்சிரைக்க ஓடி வந்தால் கண்ணாடியில் பார்த்துவிட்டு நிறுத்தி ஏற்றிக்கொள்வார். அந்த வழியில் ஓடி வந்து ஏறியவர்களில் நானும் ஒருத்தி.

நான் ஒரு வக்கீல் அலுவலகத்தில் டைப் அடிக்கிறேன். அக்காவின் வழக்கில் கையெழுத்துப் போட்டது அவர். வாதாடியது எங்கள் வக்கீலம்மா. எழுத்துகளை அடித்தது நான். அதனால் இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் பாத்தியதை உண்டு. நேரில் பார்த்ததைப் பார்த்தபடியும், பார்க்காததை அக்கா பிற்பாடு சொன்னபடியும் சொல்கிறேன்.

அன்று சாயங்காலம் ஷிப்ட் முடித்து, பயணிகளையெல்லாம் இறக்கிவிட்டு, காலி பஸ்ஸைக் கழுவுமிடத்துக்குள் கொண்டு போனார். அங்கே மேலே தண்ணீர்க் குழாய்கள் தாழ்வாக ஓடும். பஸ்ஸின் கூரை அதில் தட்டாமல் இருக்கிறதா என்று அண்ணாந்து பார்த்தார். அடுத்த கணம் பஸ் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை. பக்கத்துச் சுவரில் போய் மோதியது. முன் கண்ணாடி நொறுங்கியது, சுவர் பாதி சரிந்தது. பஸ் கழுவும் பெரியவர் அப்போதுதான் தண்ணீர்க் குழாயை எடுக்க இந்தப் பக்கம் நகர்ந்திருந்தார். "ரெண்டடி அந்தப் பக்கம் நின்னிருந்தேன்னா என்னைச் சுரண்டித்தான் எடுத்திருக்கணும்" என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை.

பிரேக் மோசமாகத்தான் இருந்தது. பழுதுப் புத்தகத்தில் அக்கா மூன்று முறை எழுதியிருந்தார்: "பிரேக் இளகியிருக்கிறது, பார்க்கவும்." மூன்று முறையும் கீழே கையெழுத்து இருந்தது, தேதி இருந்தது. பார்த்ததற்கு மட்டும் அடையாளம் இல்லை. ஆனாலும் டெப்போ மேலாளர் பத்து நாளில் விசாரணை முடித்து, 'கவனக்குறைவு' என்று ஒரே வார்த்தையில் வேலையை விட்டு நீக்கிக் கடிதம் கொடுத்துவிட்டார். திங்கட்கிழமை முதல் அமல்.

வியாழக்கிழமை மத்தியானம் அக்காவும் அவர் கணவரும் எங்கள் அலுவலகப் படியேறி வந்தார்கள். கணவர் முடி திருத்தும் கடை வைத்திருப்பவர். இரண்டு நாற்காலி, ஒரு பெரிய கண்ணாடி, ஓயாத வாய். அக்கா ஒரு வார்த்தை சொல்வதற்குள் அவர் நாலு வார்த்தை சொல்லிவிடுவார்.

"அநியாயம்மா இது! மூணு தடவை எழுதிக் குடுத்திருக்கா. மூணு தடவை! கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டு ஓட்டுறவ. இவளைப் போய்…"

வக்கீலம்மா பழுதுப் புத்தகத்தின் நகலைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். நல்ல வழக்கு. மறுநாள் வெள்ளிக்கிழமையே மனுப் போட்டால் திங்கட்கிழமைக்குள் இடைக்காலத் தடை வாங்கிவிடலாம் என்றார். அவசரம் என்பதால் டெப்போ தரப்பு வந்து பேசும்வரை நீதிபதி காத்திருக்க மாட்டார். நாம் சொல்வதை மட்டும் கேட்டு உத்தரவு போடுவார்.

எல்லாம் எழுதி முடித்ததும் வக்கீலம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். இந்தக் கேள்வியை எல்லாக் கட்சிக்காரர்களிடமும் கேட்பார். எனக்கு மனப்பாடம்.

"நாளைக்கு எதிராளி அங்க இருக்க மாட்டாங்க. அவங்க இருந்தா என்ன சொல்லுவாங்களோ, அதையும் நாமதான் சொல்லியாகணும். நீதிபதி ஒரு காதாலதான் கேக்கப்போறாரு, அந்தக் காதுல நாம முழுசாச் சொல்லணும். உங்களுக்குப் பாதகமா ஏதாவது இருக்கா? சின்னதா இருந்தாலும் சொல்லுங்க. அன்னைக்கு உடம்புக்கு ஏதாவது? தூக்கம் இல்லாம? போன் பேசிட்டு?"

அக்கா மேஜை விசிறியைப் பார்த்தார். அது ஒரு சுற்று முழுவதும் திரும்பி வந்தது.

"இல்லைங்க."

"ஒண்ணும் இல்லையா?"

"இல்லைங்க."

நான் அடித்தேன். பிரமாணப் பத்திரத்தின் எட்டாவது பத்தி: 'சம்பவத்தின்போது நான் முழு உடல்நலத்துடனும் நிதானத்துடனும் இருந்தேன். இவ்வழக்குக்குத் தேவையான எந்த விவரத்தையும் நான் மறைக்கவில்லை.' அக்கா வாசித்துப் பார்த்து, பொடிப்பொடியான கையெழுத்தில் கையெழுத்துப் போட்டார்.

வெள்ளிக்கிழமை தடை கிடைத்தது. பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. நீதிபதி பழுதுப் புத்தகத்தின் மூன்று பக்கங்களையும் புரட்டினார், எட்டாவது பத்தியில் விரல் வைத்துப் படித்தார், உத்தரவு சொன்னார். திங்கட்கிழமை அக்கா மறுபடியும் பதினேழாம் நம்பரில் ஏறி உட்கார்ந்தபோது டெப்போவில் கைதட்டினார்கள். மேலாளர் மட்டும் தன் அறை ஜன்னலை மூடிக்கொண்டார். புது பிரேக், புதுக் கண்ணாடி. கணவர் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் முடி வெட்டியதோடு வழக்கையும் சேர்த்துச் சொல்லி அனுப்பினார்.

மூன்று வாரம் நன்றாகத்தான் போயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சமையலறை மேல் அலமாரியிலிருந்து ஒரு டப்பாவை எடுக்க அக்கா அண்ணாந்து கையை நீட்டினார். அலமாரி ஒரு பக்கமாக வழுக்கிக்கொண்டு ஓடியது. சுவர், ஜன்னல், அடுப்பு எல்லாம் அதன் பின்னாலேயே ஓடின. டப்பா கீழே விழுந்து உருண்டது. அக்கா தரையில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் தரையைப் பிடித்துக்கொண்டார். தரையை யாரும் பிடித்துக்கொள்வதில்லை, ஆனால் அப்போது அது தேவைப்பட்டது. எண்ணிப் பார்த்தால் இருபது எண்ணுவதற்குள் எல்லாம் நின்றுவிட்டது.

கணவர் துண்டோடு ஓடி வந்தார். "என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. கால் வழுக்கிடுச்சு."

அவர் டப்பாவை எடுத்து வைத்துவிட்டுப் போனார். அக்கா உட்கார்ந்தபடியே இருந்தார். இது புதிது இல்லை என்பது அவருக்குத் தெரியும். கழுவுமிடத்தில் குழாயைப் பார்க்க அண்ணாந்தபோதும் இதேதான். காலை பிரேக்கில் வைத்தது ஞாபகம் இருக்கிறது. எப்போது வைத்தார், முழுசாக அழுத்தினாரா என்பது ஞாபகம் இல்லை. அந்த இடத்தில் மட்டும் நினைவு கலங்கிய தண்ணீராக இருந்தது. பிரேக்கும் இளகித்தான் இருந்தது. அதனால் தலை சுற்றியதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. நாள் போகப் போகத் தனக்குத்தானேயும் சொல்லிக்கொள்வதை நிறுத்தியிருந்தார்.

திங்கட்கிழமை காலை டெப்போவுக்குப் போனார். பதிவேட்டில் பேர் எழுதினார். சாவிகள் தொங்கும் பலகை முன்னால் போய் நின்றார். கை போகவில்லை. நேரக் காப்பாளர் நிமிர்ந்து பார்த்தார்.

"என்னக்கா, சாவி அங்கதான இருக்கு?"

"இருக்குப்பா. எனக்கு வேண்டாம். வேற யாரையாவது அனுப்பு. எனக்கு உடம்பு சரியில்ல."

அங்கிருந்து நேராகக் கணவர் கடைக்குப் போனார். அவர் ஒரு வாடிக்கையாளருக்கு முகம் முழுக்க நுரை தடவி, கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். அக்கா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியில் கணவர் முகத்தைப் பார்த்தபடி எல்லாவற்றையும் சொன்னார். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கணவர் குறுக்கே பேசவில்லை. நுரை காய ஆரம்பித்தது.

"சரி," என்றார் கடைசியில். "லீவு போடு. டாக்டரைப் பாரு. வைத்தியம் பண்ணிக்கோ. சரியானதும் போ. கோர்ட்டுல எதுக்குச் சொல்லணும்? யாரு கேட்டா?"

நுரைக்குள்ளிருந்தும் ஒரு குரல் வந்தது. "அவர் சொல்றது சரிதான் தங்கச்சி. யாரு பாத்தா? தலை சுத்துனது உங்க தலைக்குள்ளதான. அதுக்குச் சாட்சி ஏது?"

"நீங்க வாயை மூடுங்க, நுரை உள்ள போகும்" என்றார் கணவர்.

அக்கா கைப்பையிலிருந்து நீதிமன்ற உத்தரவின் நகலை எடுத்தார். மூன்று வாரமாக அதை வைத்துக்கொண்டேதான் பஸ் ஓட்டியிருக்கிறார். மடிப்பில் கிழிந்திருந்தது. ஒரு வரியைக் காட்டினார்: 'மனுதாரர் தமது பிரமாணப் பத்திரத்தில் கூறியுள்ளதை உண்மையென ஏற்று…'

"அந்த நீதிபதி யாருன்னுகூட எனக்குத் தெரியாது. அவருக்கும் என்னைத் தெரியாது. நான் எழுதிக் குடுத்ததை நம்பி, ஒரு பஸ் நிறைய ஆளுங்களை என் கையில குடுத்திருக்காரு. ஏங்க, இதை வெச்சிக்கிட்டு நான் எப்படிங்க லீவு போட்டு வீட்டுல உட்காருவேன்?"

கணவர் கத்தியை வைத்துவிட்டுத் துண்டால் கையைத் துடைத்தார். "வா, போவோம். வக்கீலம்மாவைப் பாப்போம்."

"என் முகம்?" என்றார் வாடிக்கையாளர்.

"பத்து நிமிஷம்." ஆனால் அவர் ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் திரும்பினார். அந்த மனிதர் தானே பாதி முகத்தை மழித்துக்கொண்டு போய்விட்டிருந்தார்.

அலுவலகத்தில் அக்கா சொல்லி முடித்ததும் வக்கீலம்மா எழுந்து ஜன்னலருகே போய் நின்றார். அவர் கோபத்தில் கத்துகிறவர் இல்லை. கோபம் வந்தால் முதுகைக் காட்டுவார்.

"நான் கேட்டேன்ல?"

"கேட்டீங்க."

"ரெண்டு தடவை கேட்டேன்."

"ஆமாங்க. சொல்லியிருந்தா கேஸை எடுத்திருக்க மாட்டீங்கன்னு பயந்துட்டேன்."

வக்கீலம்மா திரும்பினார். "எடுத்திருப்பேன். வேற மாதிரி கேட்டிருப்பேன். வண்டி ஓட்ட விடுங்கன்னு கேட்டிருக்க மாட்டேன். வேலையை விட்டுத் தூக்காதீங்க, முதல்ல டாக்டர்கிட்ட அனுப்புங்க, பிரேக்கையும் பரிசோதிங்கன்னு கேட்டிருப்பேன். அது கிடைச்சிருக்கும்." நாற்காலிக்குத் திரும்பி வந்து உட்கார்ந்து சொன்னார்: "இப்ப நீங்க கோர்ட்டுல சொல்லலைன்னா நான் இந்த வழக்குல இருந்து விலகிடுவேன். சொன்னீங்கன்னா கூட நிப்பேன். ஆனா தடை போயிடும். மனுவே மொத்தமாப் போனாலும் போகலாம். யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சுட்டுத்தாங்க வந்தேன்."

கூடுதல் பிரமாணப் பத்திரம் ஒன்றை வக்கீலம்மா சொல்லச் சொல்ல நான் அடித்தேன். ஓரிடத்தில் என் மனசு கேட்கவில்லை. அக்காவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "அப்ப ஞாபகம் வரலை, மறந்துட்டாங்கன்னு போட்டா என்னம்மா?" என்று கேட்டுவிட்டேன். இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் மறுபடி டைப் அடிக்க ஆரம்பித்தேன்.

வக்கீலம்மா 'சிறு மயக்கம் போன்ற உணர்வு' என்று சொன்னபோது அக்காவே குறுக்கிட்டார்.

"போன்ற எல்லாம் வேண்டாங்க. தலை சுத்துச்சு. அப்படியே போடுங்க."

போட்டேன்.

வாய்தா நாளில் டெப்போவின் வக்கீல் தயாராக வந்திருந்தார். பிரேக்கைப் பற்றி எதிர்வாதம் பேச ஒரு கட்டுக் காகிதம் கொண்டு வந்திருந்தார். எங்கள் பத்திரத்தைப் படித்ததும் அந்தக் கட்டை ஓரமாக வைத்துவிட்டார். அது இனி அவருக்குத் தேவையில்லை. நீதிபதிக்கு ஜலதோஷம்; கைக்குட்டையும் கையுமாக இருந்தார். படித்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"மனுதாரர் வந்திருக்காங்களா?"

அக்கா எழுந்து நின்றார்.

"இதை எதிர்த்தரப்பு கண்டுபிடிச்சாங்களா?"

"இல்லைங்க ஐயா. யாரும் கண்டுபிடிக்கலை. நானேதான் சொல்றேன்."

"அன்னைக்கே ஏன் சொல்லலை?"

"வேலை போயிடும்னு பயம் ஐயா."

"இந்தச் சம்பவத்துக்கு உங்க தலைசுத்தல் காரணமா, பிரேக் காரணமா?"

"பிரேக்கும் இளகித்தான் இருந்துச்சு. என் தலையும் சுத்துச்சு. எது சுவத்துல இடிச்சதுன்னு சத்தியமா எனக்குத் தெரியலைங்க."

டெப்போ வக்கீல் எழுந்தார். இப்படிப்பட்டவரின் மனுவை அப்படியே தள்ளுபடி செய்ய வேண்டும், கோர்ட்டையே ஏமாற்றியிருக்கிறார் என்றார். அவர் சொன்னதில் தவறொன்றும் இல்லை. நீதிபதி தும்மிவிட்டு, மெதுவாகப் பேசினார். அன்று எதிர்த்தரப்பு இல்லாதபோது தான் முழுக்க முழுக்க மனுதாரரின் நேர்மையை நம்பியே உத்தரவு போட்டதாகவும், முழு விவரமும் தெரிந்திருந்தால் அந்த உத்தரவு பிறந்தே இருக்காது என்றும் சொன்னார். தடையை ரத்து செய்தார். அக்கா தலையைக் குனிந்துகொண்டார்.

அதோடு முடியவில்லை. "யாரும் பிடிக்காமலே, தனக்குப் பாதகம்னு தெரிஞ்சே வந்து சொல்லியிருக்காங்க. அதைப் பார்க்காம இருக்க முடியாது. மனு நிலுவையிலயே இருக்கட்டும்" என்றார். மனுதாரரை மருத்துவர் பரிசோதிக்க வேண்டும், அந்த பஸ்ஸிலிருந்து கழற்றிய பழைய பிரேக்கை வெளியாள் ஒருவர் பரிசோதிக்க வேண்டும், இரண்டு அறிக்கையும் ஆறு வாரத்தில் வர வேண்டும் என்று உத்தரவு போட்டார். "அதுவரைக்கும் இவங்க எந்த வண்டியிலும் உட்காரக் கூடாது."

வெளியே வராந்தாவில் அக்கா ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். தலை சுற்றவில்லை, அழுகைதான் என்று அவரே சொன்னார். கணவர் ஒரு தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினார்.

ஆறு வாரமும் வீட்டில் சும்மா இருக்க முடியாமல் அக்கா கணவர் கடைக்குப் போனார். துண்டுகளைத் துவைத்துக் காயப்போட்டார், முடியைக் கூட்டித் தள்ளினார். வந்தவர்கள் வழக்கைப் பற்றிக் கேட்டால் கணவர் முன்பு மாதிரியே முழுக்கதையும் சொன்னார், ஆனால் இப்போது தலை சுற்றலையும் சேர்த்து. சிலர் "பைத்தியக்காரி" என்றார்கள். ஒருவர் அடுத்த முறையிலிருந்து வேறு கடைக்குப் போனார். ஏன் என்று தெரியவில்லை.

மருத்துவர் அக்காவை மேஜைமேல் படுக்கவைத்து, தலையை ஒரு பக்கமாகத் திருப்பிக் கீழே தொங்கவிட்டு, கண்களையே உற்றுப் பார்த்தார். உலகம் மறுபடி ஓடியது. "கண்ணு துடிக்குது பாருங்க" என்று பக்கத்திலிருந்த நர்ஸிடம் காட்டினார். காதுக்குள்ளே இருக்கும் மணல்மாதிரியான துகள்கள் இடம் மாறிவிட்டால் இப்படி ஆகுமாம். அண்ணாந்து பார்த்தாலோ, படுக்கையில் புரண்டாலோ சுற்றும். தலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் படுக்கவைத்தே அதைச் சரிசெய்துவிடலாமாம். மூன்று தடவை வரச் சொன்னார். மூன்றாவது தடவை அக்கா அண்ணாந்து, குனிந்து, புரண்டு, எழுந்து நின்றார். எதுவும் ஓடவில்லை.

"இவ்வளவுதானா?" என்றார் அக்கா.

"இவ்வளவுதான். அன்னைக்கே வந்திருந்தீங்கன்னா அன்னைக்கே முடிஞ்சிருக்கும்."

இதைச் சொல்லும்போது மட்டும் அக்காவுக்கு இன்றைக்கும் முகம் மாறிவிடும்.

பிரேக் அறிக்கையும் வந்தது. கட்டை தேய்ந்து இரும்பு தெரிந்ததாகவும், மாதக்கணக்கில் மாற்றப்படவில்லை என்றும் இருந்தது. வேலைநீக்கம் ரத்தாயிற்று. ஆனால் விட்டதெல்லாம் திரும்பக் கிடைக்கவில்லை. முதலில் விவரத்தை மறைத்ததற்காக அவருடைய கோப்பில் ஒரு கண்டனம் ஏறியது. வழக்கு நடந்த மாதங்களுக்குச் சம்பளம் கிடையாது என்றும் உத்தரவில் இருந்தது. ஆறு மாதம் ஸ்டீயரிங்கைத் தொடாமல் டெப்போவிலேயே வழித்தட அட்டவணை எழுதும் வேலை. அதன் பிறகு மறுபரிசோதனை, பிறகுதான் பஸ். பதினேழாம் நம்பர் அதற்குள் வேறொருவர் கைக்குப் போய்விட்டது. அக்கா அதைத் திரும்பக் கேட்கவில்லை.

அட்டவணை எழுதும் அறை மேலாளரின் அறைக்கு எதிரே. ஒரு நாள் மேலாளர் வந்து வாசலிலேயே நின்றார்.

"நீங்க வாயைத் திறக்காம இருந்திருந்தா எனக்கு அந்தத் தலைசுத்தல் விஷயம் தெரிஞ்சே இருக்காது."

"ஆமாங்க. ஆனா நான் புஸ்தகத்துல எழுதினது மூணு தடவையும் உங்களுக்குத் தெரியும்ல?"

அடுத்த வாரம் பழுதுப் புத்தகத்தில் ஒரு புதுப் பத்தி கோடு போட்டு ஒதுக்கப்பட்டது: 'பார்த்தவர், பார்த்த தேதி.' அதில் முதல் கையெழுத்து மேலாளருடையது.

அக்கா மறுபடி பஸ் ஓட்டுகிறார். இப்போது நாற்பத்திரண்டாம் நம்பர். மருத்துவமனை வழியாகப் போகிற தடம், கூட்டம் அதிகம். எங்கள் அலுவலகத்தில் வக்கீலம்மா இப்போதும் கண்ணாடியைக் கழற்றி வைத்து அதே கேள்வியைக் கேட்கிறார். கட்சிக்காரர் "ஒண்ணும் இல்லைங்க" என்றால், அவர்கள் கண் எங்கே போகிறது என்று நானும் பார்க்கக் கற்றுக்கொண்டேன்.

டெப்போவில் ஒரு மாற்றம் வந்தது. யாரும் எதிர்பார்க்காதது. அட்டவணை அறையில் இருந்த அந்த ஆறு மாதத்தில் ஓட்டுநர்கள் ஒவ்வொருவராக வந்து அக்காவின் மேஜையோரம் உட்கார ஆரம்பித்தார்கள். ஒருவருக்கு முதுகு மரத்துப் போகிறதாம். இன்னொருவர் சர்க்கரைக்கு மாத்திரை போடுவதை யாரிடமும் சொன்னதில்லையாம். "என்கிட்ட சொல்லி என்னப்பா ஆகப் போகுது? டாக்டர்கிட்ட சொல்லு, மேலாளர்கிட்ட சொல்லு" என்று விரட்டுவார். ஒருவர் மட்டும் விரட்டியும் போகவில்லை. இருட்டினால் எதிரே வருகிற வண்டியின் விளக்கு இரண்டு இரண்டாகத் தெரிகிறது, ஆனால் வேலை போய்விடுமே என்று தலையைச் சொறிந்தார். அக்கா அட்டவணையை மூடி வைத்துவிட்டு, அவரைக் கையோடு கண் மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போய், முறை வரும்வரை பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். அந்த மனிதர் இப்போது தடித்த கண்ணாடி போட்டுக்கொண்டு பஸ் ஓட்டுகிறார். தன் முகத்துக்கு அது கொஞ்சமும் எடுப்பாக இல்லை என்று அக்காவிடம் இன்றுவரை குறைபட்டுக்கொள்கிறார்.